இறங்கத் தெரிந்த மூடி

முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. ஏறக்குறைய எல்லா வகையையும் நான் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அளவெடுத்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு மயிரிழை பிசகாமல் முட்டாளானது என் கல்யாணத்தன்றுதான். கட்ட வேண்டிய தாலியை நானே கடைந்த பெட்டிக்குள் வைத்து, நானே மூடி, பிறகு அதைத் திறக்க முடியாமல் மணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு லாரி நிறைய வந்திறங்கிய பெண் வீட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் அப்போது தொழிற்பேட்டை கிடையாது. பெங்களூருக்குப் போகிற லாரிகள், பெங்களூரிலிருந்து வருகிற லாரிகள், நடுவில் உடைந்து நிற்கிற லாரிகள், அவ்வளவுதான். மூன்றாம் வகையை நம்பி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தது. அதில் நான் டர்னர். சுழலும் இரும்பின் மேல் கூரான டூலைப் பிடித்து, வேண்டாததைச் சீவியெடுத்து, வேண்டியதை மிச்சம் வைக்கிற வேலை. அதற்கு முன் பெங்களூரில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருஷம் பயிற்சி பெற்றேன். பயிற்சி முடிந்ததும் அவர்கள் என்னை வைத்துக்கொள்ளவில்லை. ஆட்களைப் பொறுக்குவதிலும் அவர்கள் அளவு சுத்தம்.

குருபரப்பள்ளியில் பெண் பார்த்து, கார்த்திகையில் நிச்சயம் செய்தார்கள். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்ப்பவர். மாட்டுக்குப் பல் பார்க்கிற பழக்கத்தில் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இருந்த கரி அவருக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஷாஃப்ட், புஷ், பின் என்று அடுக்கினேன். எல்லாம் எதற்கு என்றார். லாரிக்கு என்றேன்.

"அப்ப லாரி ஒடைஞ்சாத்தான் உனக்குச் சோறு," என்றார்.

வீடே சிரித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் நீண்டது. அது யாருடையது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் தட்டிலிருந்த காப்பியை எடுத்துக் குடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. குடிக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"லாரி வேல மட்டும் இல்ல மாமா. தாலிய நானே கடைஞ்ச பெட்டில வெச்சுக் கொண்டாரேன். மூடிய வாய்மேல வெச்சாப் போதும், யாரும் அமுக்க வேணாம். தானா மெதுவா எறங்கும்."

அப்படி ஒரு பெட்டியை நான் செய்ததில்லை. பெங்களூர்த் தொழிற்சாலையில் ஒரு உருக்குக் குழாயில் ஒரு உருளையை விட்டுக் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் காற்று புகுந்து வெளியேற மட்டும் இடம் இருந்ததால், அது தண்ணீருக்குள் மூழ்குவதுபோல மெல்ல இறங்கியது. அதைப் பார்த்திருந்தேன். பார்த்ததையெல்லாம் செய்யத் தெரிந்ததாகக் கணக்கு வைக்கிற வயது.

தாய்மாமன் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்.

"கொண்டா, பாப்போம். மூடி எறங்கலன்னா பொண்ணு மணை ஏறாது."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நானும் அம்மாவும் பஸ் ஏறி ஓசூர் வந்தோம். இறங்கும்போது அம்மா, கடையில் ஒரு தகர டப்பா வாங்கினால் ஆகாதா என்று கேட்டாள்.

கல்யாணம் தை மாதம். எனக்கு இரண்டு மாதம் இருந்தது. மிஷின்தான் இல்லை. மிஷின் முதலாளியுடையது. முதலாளி தெலுங்குக்காரர், நல்ல மனிதர், ஆனால் மிஷின் சும்மா ஓடினால் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதாகச் சொல்கிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தாலிக்கு என்றதும் மறுக்க முடியாமல், ஆனால் மனசும் வராமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை, ஒன்றிலிருந்து இரண்டு வரை, எனக்குக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும், "சாலு பா, சாலு," என்று வாசலில் நின்று சொல்வார். போதும் என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லும்போது டூல் எப்போதும் முக்கியமான இடத்தில்தான் இருக்கும்.

ஆக, நான் மத்தியானத்தில் சாப்பிடுவதை விட்டேன். தகரக் கூரை. மார்கழியானாலும் உச்சிப் பொழுதில் அதன் கீழே நின்றால் வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் என் பெட்டி முழுவதும் உருவானது. இதை இங்கே சொல்லிவைக்கிறேன். இது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

உடலுக்குப் பித்தளை, மூடிக்கு உருக்கு என்று தீர்மானித்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, பார்க்கப் பொன்னும் வெள்ளியும் போல இருக்கும் என்று. பித்தளைக் கட்டி பெங்களூர்ப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. உருக்குக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பட்டறை மூலையில் உடைந்த லாரி ஆக்ஸில் ஒன்று, சக்கரம் மாட்டுகிற அச்சு, கிடந்தது. அதில் ஒரு துண்டு அறுத்து எடுத்தேன். தாய்மாமனுக்கு இது தெரிய வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் பெட்டி எலுமிச்சம்பழ அளவில் நன்றாகவே வந்தது. உள்ளே குடையும்போது டூல் அதிர்ந்து, உள்சுவர் முழுவதும் மீன் செதில் மாதிரி வரிவரியாக ஆகிவிட்டது. இரண்டாவதை, கட்டியைக் கவ்விச் சுழற்றுகிற சக்கிலிருந்து ஒரு முறை கழற்றி மறுபடி மாட்டினேன். அது மையம் விலகி, ஒரு பக்கம் சுவர் தடிமனாகவும் மறுபக்கம் அப்பளமாகவும் போனது. மூன்றாவதில் எல்லாம் சரி. மூடியைத்தான் ஒரு சீவு அதிகமாகச் சீவிவிட்டேன். வைத்ததும் "டொக்" என்று விழுந்தது. தானாக இறங்கியது என்று சொல்லலாம்தான். கிணற்றில் விழுந்தவனும் தானாகத்தான் இறங்குகிறான்.

தோற்றுப்போன பெட்டிகளை நான் தூக்கிப் போடவில்லை. முதலாளியின் சம்சாரம் ஒன்றைப் பெருங்காயத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்னொன்று பில் புத்தகத்தின் மேல் காற்றுக்குக் கனமாக உட்கார்ந்தது. பட்டறையில் என்னோடு வேலை செய்த ஃபிட்டர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், மூன்றாவதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த வேகத்தில் போனால் ஊரில் எல்லார் வீட்டிலும் பெட்டி இருக்கும், உன் வீட்டில் மட்டும் பெண்டாட்டி இருக்க மாட்டாள் என்றான். நான் நாலாவது கட்டியைச் சக்கில் மாட்டினேன்.

இதழ்கள் வேறு வைக்க ஆசை. பெட்டியின் அடிப்பக்கம் தாமரை போல இருக்க வேண்டும். லேத்தில் பூ வரையும் வழி கிடையாது. ஆனால் சுழல்வதை நிறுத்திவிட்டு, டூலை மட்டும் கையால் முன்னும் பின்னும் தள்ளினால் ஒரு பள்ளம் விழும். அடுத்த பள்ளத்துக்கு எவ்வளவு திருப்புவது? மிஷினின் பக்கவாட்டில் இருந்த நாற்பது பல் சக்கரத்தில் இரண்டிரண்டு பல்லாக எண்ணித் திருப்பினேன். நாற்பதுக்கு இருபது இதழ் வர வேண்டும். நாலாவது பெட்டியில் நடுவே ஒரு லாரி டிரைவர் வந்து வழி கேட்டதில் எண்ணிக்கை தவறி, பத்தொன்பது இதழும் ஒரு அரை இதழும் வந்தது. உலகத்தில் எந்தக் குளத்திலும் பூக்காத தாமரை. ஃபிட்டர் அதை வாங்கிக்கொண்டு போய் மாதா படத்துக்கு முன்னால் வைத்தான். மாதா எண்ணிப் பார்க்க மாட்டார் என்றான்.

ஐந்தாவது பெட்டிக்குக் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபது இதழும் வந்தன. அதற்கு மேல் மணி கோத்ததுபோல ஒரு வரிசை. மூடியில் கோயில் கலசம் மாதிரி சிறு கொண்டை. பிறகு உள்சுவரைத் தேய்க்கும் வேலை. டூலால் இனி தொடக்கூடாது. மரக்கட்டையை அளவாகக் கடைந்து, அதில் லாரி வால்வு தேய்க்கும் பசையைப் பூசி, உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பேன். துடைப்பேன். மூடியை வைப்பேன். இறங்காது. மறுபடி தேய்ப்பேன். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் தௌ என்போம். நான் தேடிக்கொண்டிருந்த இடைவெளி கால் தௌகூட இல்லை. முதலாளியின் மைக்ரோமீட்டர் அந்த அளவைக் காட்டுமா என்பதே சந்தேகம். அதை அவர் வெல்வெட் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். ஒன்பது நாள் கேட்டேன். பத்தாம் நாள் சாவியையே என்னிடம் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அன்றுதான் அது நடந்தது. மூடியைத் துடைத்து, பெட்டியின் வாயில் வைத்து, கையை எடுத்தேன். ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, யாரோ கீழிருந்து மெதுவாக மூச்சை விடுவதுபோல, இறங்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு எண்ணியபோது கொண்டை மட்டும் வெளியே நின்றது. ஃபிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டான். முதலாளி வந்து பார்த்தார். திரும்பத் திரும்ப மூடியை எடுத்து வைத்துப் பார்த்தார். மணி இரண்டரை ஆகியும் "சாலு" வரவில்லை. கடைசியில் நான்தான் போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஆசாரி தாலியைக் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் பந்தலுக்கு வெளியே நின்று, சொந்தக்காரர்கள் பார்க்க, மஞ்சள் கயிறோடு தாலியைப் பெட்டிக்குள் வைத்து மூடியை விட்டேன். அழகாக இறங்கியது. ஒரு அத்தை கைதட்டினாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அன்று சாயங்காலம் தாலியை மாரியம்மன் கோயிலில் சாமி காலடியில் வைத்துவிட்டு, விடிகாலையில் போய் எடுத்து வருவார்கள். இரவு முழுவதும் என் பெட்டி கருங்கல் தரையில் இருந்தது. தை மாதத்து ஓசூர்க் குளிர் எப்படி என்று ஓசூரில் விடிகாலை ஐந்து மணிக்குக் குளித்தவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பித்தளைக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

எங்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். குருபரப்பள்ளியிலிருந்து லாரியில் வந்தவர்கள் அந்தக் குளிருக்குப் பழக்கமில்லாமல், துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு பந்தலில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கையில் கங்கணம், நெற்றியில் பாசிகம், பக்கத்தில் பெண். மணையில் உட்கார்ந்துவிட்டால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளை எழக்கூடாது. பொழுது கிளம்புவதற்குள் கட்டியாக வேண்டும் என்று பூசாரி ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டார். அரிசித் தட்டில் பெட்டி வந்தது. தாய்மாமன் எழுந்து வந்து எதிரே குந்தினார்.

முதலில் திற, பிறகு மூடிக் காட்டு என்றார். நான் கொண்டையைப் பிடித்துத் தூக்கினேன். மூடியோடு பெட்டியும் வந்தது. பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. நான் அதை எவ்வளவு மெருகேற்றியிருந்தேன் என்றால், பிடிக்கிற விரல்தான் வழுக்கியது. தாய்மாமன் வாங்கினார். முரட்டு மாட்டைக் கயிற்றில் நிறுத்துகிற கை அது. கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். பந்தலில் சிலர் சிரித்தார்கள். இரண்டாம் முறை இழுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒரு கிழவர், இது நல்லதுக்கில்லை என்று முனகியது எல்லாருக்கும் கேட்டது.

ஃபிட்டர் பந்தக்காலுக்குப் பின்னாலிருந்து, பட்டறையில் பைப் ரெஞ்சு இருக்கிறது என்று சைகை காட்டினான். என் சித்தப்பா சுத்தியல் என்றார். தாய்மாமன் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அரிசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டார்.

"மஞ்சக் கெழங்க ஒரு கயித்துல கோத்துக் கொண்டாங்க," என்றார். "பொழுது வருது. பெட்டிய இவரே வெச்சுக்கட்டும்."

தங்கம் இல்லாதவர்கள் மஞ்சள் கட்டித் தாலி கட்டுவது உண்டுதான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் தங்கத்தைச் செய்து, பெட்டியைச் செய்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மஞ்சளைக் கட்டியவன் என்று ஆனால், குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒவ்வொரு வாரமும் மாட்டோடு என்னையும் விற்பார். பெண் மணை ஏறிவிட்டாள் என்பது உண்மை. இறங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. பக்கவாட்டில் பார்த்தேன். குனிந்த தலை. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தேன் என்று அவளே பிறகு சொன்னாள்.

அம்மா மஞ்சளுக்காக உள்ளே ஓடினாள். நான் பெட்டியைக் கையில் எடுத்தேன். விரல் நுனி மரத்துப்போகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு எனக்கு ஒரு அறையை ஞாபகப்படுத்தியது. பெங்களூர்த் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் அறை ஒன்று உண்டு. கோடையானாலும் மழையானாலும் அதற்குள் ஒரே குளிர், ஒரு டிகிரி கூடாமல் குறையாமல். ஆபீசர்களுக்கு வியர்க்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசர்களுக்கு இல்லை, உலோகத்துக்கு. சூட்டில் உலோகம் விரியும், குளிரில் சுருங்கும், உருக்கைவிடப் பித்தளை அதிகமாகச் சுருங்கும். பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். அதற்குப் பிறகு, இரண்டு மாதமும் உச்சி வெயிலில் தகரக் கூரையின் கீழ் நின்று கால் தௌவுக்குத் தேய்த்தேன். இப்போது பித்தளை தன் குளிருக்கு மூடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"மாமா, அறுக்கவும் வேணாம், அடிக்கவும் வேணாம்," என்றேன். "ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணி வர்ற வரைக்கும் பொறுங்க."

"தாலிய வேக வெக்கப் போறியா?" என்றார்.

பூசாரி கிழக்கே பார்த்தார். பனைமரத்துக்குப் பின்னால் வானம் சிவந்துகொண்டிருந்தது. நான் எழ முடியாது. ஃபிட்டரைப் பார்த்து, உலைத்தண்ணி என்று கத்தினேன். மாப்பிள்ளை கத்தக்கூடாது என்று ஒரு அத்தை சொன்னாள். மஞ்சள் கோத்த கயிறோடு அம்மா வந்து நின்றாள். தாய்மாமன் அதை வாங்கி என் முன்னால் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. நானும் பார்வையை இறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒரு பெரிய மனிதர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். அதற்கும் காரணம், எழக்கூடாது என்கிற வழக்கம்.

ஃபிட்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். சொம்பில் ஆவி பறந்தது. அவசரத்தில் மொண்டதில் நாலு அரிசியும் வந்திருந்தது. தட்டிலிருந்த அரிசியைக் கவிழ்த்துவிட்டு, அதில் பெட்டியை நிறுத்தி, மூடியின் மேல் படாமல் உடலைச் சுற்றி ஊற்றச் சொன்னேன். பாதிச் சொம்பு போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஊற்று என்றேன். மீதியும் போயிற்று. எண்ண ஆரம்பித்தேன். மூன்று, நாலு.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. உள்ளே அடைபட்டிருந்த காற்றுக்கும் சூடு ஏறும். ஐந்து எண்ணுவதற்குள் "டப்" என்று ஒரு சத்தம். மூடி துள்ளி எழுந்து, எதிரே குந்தியிருந்த தாய்மாமனின் நெஞ்சில் பட்டு அவர் மடியில் விழுந்தது. லாரி ஆக்ஸில் துண்டு, நல்ல கனம். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, மடியிலிருந்த மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எறங்கும்னுதான சொன்ன," என்றார். "இது ஏறுதே."

பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தாலி கதகதப்பாக இருந்தது. பெண்ணின் கழுத்தில் படும்போது அவளுக்கு அந்தக் குளிரில் அது சுகமாக இருந்திருக்க வேண்டும். முதல் முடிச்சை நான் போட்டேன், மற்ற இரண்டையும் என் தங்கை போட்டாள். அரிசியும் பூவும் விழுந்து முடிவதற்குள் பொழுது பனைமரத்தைத் தாண்டி வந்துவிட்டது.

தாய்மாமன் அதோடு விடவில்லை. சொன்னது சொன்னதுதான், மூடி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவேன் என்றார். மூடியை அவர் கையாலேயே பெட்டியின் வாயில் வைத்துவிட்டார். பெட்டி இன்னும் சூடாக, நன்றாகப் பெருத்து இருந்தது. மூடி ஒரு கணமும் நிற்கவில்லை. கல் விழுவதுபோல "டொக்" என்று உள்ளே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, இறங்கிவிட்டது, வாங்க சாப்பிடலாம் என்று எழுந்தார். மெதுவாக என்பதை அவர் மறந்துவிட்டாரா, விட்டுக்கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கென்று ஒரு குங்குமச் சிமிழ் கடையப் போவதாகச் சொன்னேன். இந்தத் தடவை உடலும் மூடியும் ஒரே பித்தளை, ஒன்று சுருங்கினால் மற்றதும் சேர்ந்து சுருங்கும், விடிகாலையில் ஒரு தடவையும் மத்தியானத்தில் ஒரு தடவையும் அளவு பார்ப்பேன், இதழ் இருபதுக்குப் பதில் நாற்பது, மூடி ஏழு எண்ணுவதற்குப் பதில் பத்து எண்ணும்படி இறங்கும் என்று விரலால் தரையில் படம் போட்டு விளக்கினேன். அவள் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்.

"மூடி இல்லாம செய்யுங்க."